வேலியோரத்து ஸ்லோ பழத்தில் ஜெல்லி

இங்கிலாந்துக் கிராமங்களில் வயல் வேலியாக வளரும் முட்புதர் பிளாக்தார்ன். அதன் பழம்தான் ஸ்லோ. பெரும்பாலோர் அதை ஜின் என்ற மதுவில் ஊறவைப்பார்கள். என் ஓட்டு ஜெல்லிக்குத்தான். ரொட்டிக்கும் ஆகும், ஆட்டுக்கறிக்குத் தொட்டுக்கொள்ளவும் ஆகும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து பழம் கிடைக்கும். கருநீலமாக, கோலிக்குண்டு அளவில், மேலே சாம்பல் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் சாம்பல் போய்க் கறுப்பு பளபளக்கும். சந்தேகமிருந்தால் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு கொட்டை இருக்க வேண்டும். சின்னச் சின்னதாய்ப் பல விதைகள் இருந்தால் அது பக்தார்ன் என்ற வேறு புதரின் பழம். சாப்பிட்டால் வயிற்றால் போகும்.

தோல் கையுறை கட்டாயம். முள் நுனி உள்ளேயே முறிந்து தங்கிவிடும். மூட்டுப் பக்கம் குத்தி வீங்கினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சொந்த உபயோகத்துக்குக் காட்டுப் பழம் பறிப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ஆம் வருடத் திருட்டுச் சட்டப்படி திருட்டு ஆகாது. விற்பதற்காகப் பறித்தால் கதை வேறு. பொதுப்பாதை ஓரமாகவே பறியுங்கள், பறவைகளுக்கும் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

"முதல் உறைபனி விழுந்த பிறகுதான் பறிக்க வேண்டும்" என்பார்கள். அதுவரை காத்திருந்தால் பாதியைப் பறவைகள் முடித்துவிடும். அமுக்கினால் மெத்தென்று இருக்கிறதா, பறித்துவிடுங்கள். கழுவி ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் போதும், தோல் தானாக வெடித்துக்கொள்ளும். பச்சையாகக் கடித்துப் பார்க்க ஆசைப்பட்டால் உங்கள் பாடு! பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொள்ளும்.

ஒரு கிலோ பழத்துக்கு அரைக் கிலோ புளிப்பு ஆப்பிள். தோலோடும் விதையோடும் நறுக்கிப் போடுங்கள், ஜெல்லி உறைவதற்கான பெக்டின் அதில்தான் இருக்கிறது. மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, குழையும்வரை சிறுதீயில் வேக விடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் நல்லது; புளிப்புக்குப் பித்தளை வேண்டாம். சீக்கிரம் முடியட்டும் என்று மிக்சியில் மட்டும் அடித்துவிடாதீர்கள். கொட்டை உடைந்தால் அதிலுள்ள அமிக்டலின் என்ற பொருளிலிருந்து சயனைடு விஷம் வரும்.

அடுத்தது வடிகட்டுவது. கடையில் விற்கும் ஜெல்லிப் பையைவிட, கொதிநீரில் அலசிய பழைய வேட்டித் துணிதான் எனக்குப் பிடித்தது. வெந்ததை அதில் ஊற்றி மூட்டையாகக் கட்டி, அலமாரிக் கைப்பிடியில் தொங்கவிட்டு, கீழே பாத்திரம் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். சொட்டுவது நின்ற மாதிரி இருக்கும், கை பரபரக்கும். பிழியக் கூடாது. பிழிந்தால் சக்கையும் சேர்ந்து இறங்கி ஜெல்லி கலங்கிவிடும். காலையில் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தெளிந்த சிவப்புச் சாறு நிற்கும்.

100 மில்லி சாறுக்கு 75 கிராம் சாதாரணச் சர்க்கரை. சர்க்கரை கரைந்த பிறகே தீயைக் கூட்டுங்கள். 104, 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஃப்ரீசரில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் சரி. சுத்தமான சூடான பாட்டில்களில் ஊற்றி மூடிவிடுங்கள்.

பின்சேர்க்கை: மறுநாளும் தண்ணியாகவே இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தூக்கிப் போடாதீர்கள். எல்லாவற்றையும் திரும்பப் பாத்திரத்தில் கொட்டி, ஓர் எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துக் கொதிக்க வைத்து, மறுபடி தட்டில் சோதியுங்கள். ஜின் கேட்டவர்களுக்கு: ஃப்ரீசரில் வைத்த பழம் 450 கிராம், சர்க்கரை 225 கிராம், ஜின் 700 மில்லி. மூன்று மாதம் இருட்டில் வைத்து வடிகட்டுங்கள். முதல் வாரம் மட்டும் தினமும் குலுக்கிவிடுங்கள்.