தூரத்து மருத்துவமனையில் சேரும் முன் வடசென்னை நர்ஸ்கள் பார்க்க வேண்டியவை

"பக்கத்திலயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கு, ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு, நர்ஸ் வேலைக்கு ஆயிரம் விளக்கு வரைக்கும் எதுக்குப் போற?" என்று திருவொற்றியூரில் என்னைக் கேட்காத ஆளில்லை. அதெல்லாம் அரசு வேலை, எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதிக் காத்திருக்க வேண்டும். தெருமுனை நர்சிங் ஹோமில் சம்பளம் குறைவு, அதைவிட ஐ.சி.யு. அனுபவம் கிடைக்காது, நாளைக்கு வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மருத்துவமனை இருக்கும் கிரீம்ஸ் சாலைப் பக்கமே குடிபோகலாம் என்றால் வாடகை கட்டாது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரும் இங்கேதான் இருக்கிறார். சரி, போவது என்று முடிவாகிவிட்டால் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்கு முன்னால் ரோஸ்டரை, அதாவது டூட்டி அட்டவணையைக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை நைட், நைட் முடிந்தால் ஆஃப் உண்டா, 2 மணிக்கு டூட்டி முடிகிறது என்றால் அடுத்த சிஸ்டரிடம் நோயாளிகளின் விவரம் சொல்லி ஹேண்டோவர் கொடுத்துவிட்டு நிஜமாக எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள்? இதற்கு எச்.ஆர். சொல்லும் பதில் போதாது, அங்கே வேலை பார்க்கும் ஒரு சிஸ்டரைப் பிடித்துக் கேளுங்கள்.

அப்புறம், சேரும் முன் ஒரு வேலை நாளில் டூட்டி நேரத்துக்கே போய்ப் பாருங்கள், வீட்டு வாசலிலிருந்து வார்டு வாசல் வரை எவ்வளவு நேரம் என்று. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு ஆயிரம் விளக்குக்கு மாறாமல் போகலாம். மீஞ்சூர், பொன்னேரிக்காரர்களுக்கு மின்சார ரயில்தான், சீசன் டிக்கெட் மலிவு, ஆனால் எக்ஸ்பிரஸும் சரக்கு ரயிலும் போகிற வழி என்பதால் நடுவில் நிறுத்திவிடுவார்கள், அதனால் எப்போதும் ஒரு வண்டி முன்னதாகவே பிடியுங்கள். ஸ்டேஷன் வரை சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசில்லை.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். நைட் முடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். ஆறு வருடம் முன்பு பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தபோது டோல்கேட் அருகே ஒரு நொடி கண் சொருகிவிட்டது, விழித்தபோது கண்டெய்னர் லாரியின் பின்சக்கரம் என் கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற அந்த லாரிகளுக்கு நடுவே தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டவே கூடாது. மெட்ரோவில் வாருங்கள், இறங்கும் நிலையத்துக்கு அலாரம் வைத்துவிட்டு உட்கார்ந்தே தூங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் சமையலறைப் பக்கம் போகாமல் படுங்கள். காலைச் சமையலை யார் செய்வது என்பதை வேலையில் சேரும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். நைட்டைத் தொடர்ச்சியாகப் போட்டால் நல்லதா, விட்டுவிட்டுப் போட்டால் நல்லதா என்று உங்கள் உடம்புக்குத் தெரியும், அதை இன்சார்ஜ் சிஸ்டரிடம் ரோஸ்டர் போடும் முன் சொல்லுங்கள், போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

மழைக்காலத்தில் லாக்கரில் ஒரு செட் யூனிஃபார்ம், மாற்றுத் துணி, பிஸ்கட் இருக்கட்டும். பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் உங்களை மாற்றிவிட வேண்டிய சிஸ்டரும் நடுவழியில்தான் நிற்பார், அடுத்த டூட்டியும் உங்கள் தலையில்தான் விழும்.