பழைய டிராலர் படகு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சியாட்டில், வான்கூவர் பக்கத்துப் படகுத்துறைகளில் அகன்ற உடலும் உயர்ந்த முன்பக்கமும் கொண்ட பழைய டிராலர்கள் இன்றும் நிறைய நிற்கின்றன. மீன்பிடிப் படகின் சாயல் இருந்தாலும், குடும்பமாகத் தங்கி மெதுவாகப் பயணிப்பதற்கென்றே கட்டியவை. 1963-ல் ஹாங்காங்கில் உருவான ‘ஸ்ப்ரே’ என்ற 36 அடி மரப்படகிலிருந்து கிராண்ட் பேங்க்ஸ் என்ற டிராலர் வரிசை பிறந்தது. பிறகு அதைக் கட்டிய பட்டறை சிங்கப்பூருக்கு இடம் மாறியது. 1973-லிருந்து மரத்துக்குப் பதில் ஃபைபர்கிளாஸ் வந்தது. அதே சாயலில் தைவான் பட்டறைகளும் மரீன் டிரேடர், சி.எச்.பி. போன்ற படகுகளைக் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பின. நாற்பது வயது தாண்டிய இவற்றை இன்று புதுப்படகு விலையில் ஒரு சிறு பங்குக்கு வாங்கலாம். அந்த விலைதான் ஆளை அவசரப்படுத்துகிறது.

வாங்க வருபவர் இரண்டு கேள்விகளோடு வருகிறார்: அடியில் கடல்நீர் கசியுமா, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? இரண்டையும் கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்த வயதுப் படகுகளைப் பெரும்பாலும் அழிப்பது மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர். மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்புநீர் பிடிக்காது. மழைநீர்தான் அதற்குத் தோது. அதை நினைவில் வைத்துக்கொண்டு படகில் கால் வையுங்கள்.

கால் வைத்ததும் முதலில் மயங்குவது தேக்குத் தளத்தில்தான். அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் அடியில் இருப்பது ஒரே கனத்த ஃபைபர்கிளாஸ் அல்ல. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே மரம். அதன் மேல் தேக்குப் பட்டைகளை ஆயிரக்கணக்கான திருகாணிகளால் முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு திருகாணியும் மேல்தோலில் ஒரு துளை. பட்டைகளுக்கு நடுவிலுள்ள கறுப்பு அடைப்பு விட்டுப்போனால், தண்ணீர் அந்தத் துளை வழியே இறங்கி நடுமரத்தை ஊறவைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் ‘டக்’கென்று ஒலிக்கும், இற்ற இடம் மந்தமாக ஒலிக்கும். நடக்கும்போது தளம் லேசாக அமுங்கினால், நடுமரத்தை மாற்றும் செலவு சில சமயம் படகின் விலையையே தொட்டுவிடும்.

அடுத்து ஜன்னல்கள். திரைச்சீலையை விலக்கி, சட்டத்தின் கீழ் மூலைகளை விரலால் அழுத்துங்கள். கறுத்த கறை, உப்பிய ஒட்டுப்பலகை, ஒரு மூலையில் மட்டும் புது வார்னிஷ் என்று எதைக் கண்டாலும் நின்று விசாரியுங்கள். மொட்டைமாடி ஒழுகலைப் போலத்தான் இதுவும். சொட்டும் இடம் ஒன்று, நுழையும் இடம் வேறு. நல்ல மழை நாளில் படகைப் பார்க்கப் போவதே உத்தமம். வெயில் நாளாகத் தேடிப் போவது விற்பவருக்குச் செய்யும் உதவி.

இதே தண்ணீர் டீசல் டேங்கையும் விடுவதில்லை. பல டிராலர்களில் இன்ஜினுக்கு இருபுறமும் சாதா இரும்பு டேங்குகள் இருக்கும். எரிபொருள் ஊற்றும் வாய் நேர் மேலே தளத்தில். அந்த வாயைச் சுற்றிக் கசியும் மழைநீர் டேங்கின் தலையில் தேங்கி, மேலிருந்து கீழாகத் துருப்பிடிக்கவைக்கும். மாற்ற வேண்டுமென்றால் டேங்கைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும், இல்லையேல் இன்ஜினையே வெளியே தூக்க வேண்டும். இரட்டை இன்ஜின் என்றால் டேங்கின் பக்கம் கையே எட்டாது. பாதுகாப்புக்கு இரண்டு இன்ஜின் வேண்டும் என்பவர்கள் ஏற்கெனவே இறுக்கமான அறையில் அவ்விரண்டையும் எப்படிப் பராமரிப்பார்கள் என்று யோசிப்பதில்லை. ஒற்றை இன்ஜின் படகுகள் பலவற்றில் ப்ரொப்பெல்லருக்கு முன்னே நீண்ட அடிக்கட்டை காவலாக நிற்கிறது. மிதக்கும் மரக்கட்டைகள் நிறைந்த சியாட்டில் பக்கத்துக் கடலில் இது பெரிய விஷயம். என் ஓட்டு ஒற்றை இன்ஜினுக்கே.

இன்ஜின் ஓடிய மணிநேரம் குறைவு என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். 40 ஆண்டில் 1,500 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 40 மணிகூட ஓடவில்லை. மீதி நேரமெல்லாம் ஈரத்தில் சும்மா கிடந்திருக்கிறது. இந்தப் படகுகளில் பரவலாக இருக்கும் ஃபோர்டு லேமன் 120, ஆறு சிலிண்டர் கொண்ட, அவசரமில்லாத டீசல் இன்ஜின். ஒழுங்காக எண்ணெய் மாற்றி ஓட்டிய 6,000 மணி நேர லேமனைத்தான் நான் நம்புவேன். அதன் இன்ஜெக்ஷன் பம்புக்குத் தனி எண்ணெய் உண்டு, 50 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உரிமையாளரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். பதிலிலேயே பராமரிப்பின் தரம் தெரிந்துவிடும். பார்க்கப் போகும் அன்று சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே போய் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜின் கிளம்பும்போது வரும் புகையை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை என்று பொருள் கொள்ளலாம்.

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். தரகர் கைகாட்டும் ஆளை ஒப்புக்கொள்வது பலரும் செய்யும் தவறு. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்ப்பதும், இன்ஜினுக்குத் தனி ஆள் வைப்பதும் கூடுதல் செலவுதான், அவசியமும்கூட. காப்பீட்டு நிறுவனங்கள் பழைய படகுக்குப் புது சர்வே அறிக்கை கேட்கும்; காப்பீடு இல்லையென்றால் பல படகுத்துறைகளில் நிறுத்த இடம் கிடையாது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு இடத்திலும் விசாரித்துவிடுங்கள். அடிப்பகுதியில் கொப்புளங்கள் கண்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் அவை படகின் பலத்தைக் குறைப்பதில்லை. பேரம் பேச உதவும்.

ஆண்டுச் செலவுக்கு வாங்கிய விலையில் 10 சதவீதம் போதும் என்ற கணக்கைப் பழைய படகுக்குப் போடாதீர்கள். படகுத்துறை வாடகை படகின் நீளத்தை வைத்து அடிக்கணக்கில் வருகிறது. பம்பும் பெயிண்டும் படகின் வயதைப் பார்த்து விலை குறைவதில்லை.

வேகத்தை விரட்டுவதும் வீண். தண்ணீர் மட்டத்தில் 36 அடி நீளமுள்ள இத்தகைய உடலுக்கு இயல்பான உச்சம் சுமார் 8 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 கி.மீ. அதற்கு மேல் தள்ளினால் டீசல்தான் கரையும். ஒற்றை லேமனில் 7 நாட்டுக்குள் போனால் மணிக்கு ஏறக்குறைய 8 லிட்டரில் முடியும். அலாஸ்கா செல்லும் வழியிலுள்ள சீமோர் நீரிடுக்கில் நீரோட்டம் 15 நாட் வரை எட்டும். அங்கே ஓட்டம் தணியும் நேரத்தைக் கணித்துத்தான் நுழைய வேண்டும்.

வாங்கியவுடன் புது ரேடாரும் திரைகளும் பொருத்தும் ஆசை வரும். தள்ளிப்போடுங்கள். முதல் கோடையில் தளத்திலுள்ள கைப்பிடிக் கம்பிகள், கயிறு கட்டும் முளைகள், எரிபொருள் வாய்கள் ஒவ்வொன்றையும் கழற்றி, அடியைச் சுரண்டி உலரவிட்டு, புதிதாக அடைப்புப் பூசி மாட்டுங்கள். அக்டோபரில் மழை தொடங்குமுன் ஜன்னல் வேலையும் முடிய வேண்டும். கூரையுள்ள படகுக்கொட்டகை வாடகைக்குக் கிடைத்தால், வாடகை கூடுதலாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் கொட்டகையில் வளர்ந்த படகு என்றாலே விற்கும்போதும் கூடுதல் விலை உண்டு.