தொழிற்சங்கத் தலைவரான பட்டாளத்துக்காரரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

பட்டாளத்திலிருந்து வந்து, தோட்டத்தில் தொழிற்சங்கம் நடத்தி, அப்புறம் ஊராட்சித் தேர்தலிலும் நின்ற பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவர் வாழ்க்கையை இப்போதே எழுதத் தொடங்குங்கள். கோத்தகிரிப் பக்கம் என் பெரியப்பாவைப் பற்றி நான் எழுதிய முறையைச் சொல்கிறேன்.

முதலில் டிரங்குப் பெட்டி. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்ந்த நாள், விலகிய நாள், ரெஜிமெண்ட், பார்த்த வேலை எல்லாம் இருக்கும். பெரியப்பா வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி எடுத்தவர். பதக்கங்களையும் படிக்கத் தெரிய வேண்டும். சமர் சேவா ஸ்டார் 1965 போருக்கு உரியது. 1971-இல் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஷ்சிமி ஸ்டார். அவர் வங்காளதேசத்தில் சண்டை போட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பெட்டியில் இருந்ததோ பஷ்சிமி ஸ்டார். நான் பதக்கத்தை நம்பினேன்.

அடுத்து, பலரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிற இடம். சீருடையைக் கழற்றியதற்கும் சங்கக் கொடியைப் பிடித்ததற்கும் நடுவில் உள்ள வருஷங்கள். 1950 ராணுவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ், சிப்பாய் தொழிற்சங்கத்திலோ கட்சியிலோ சேர்வதைக் கட்டுப்படுத்தலாம். அப்படியே வாயடைத்து இருந்து பழகிய மனிதர் எதைப் பார்த்துக் கேட் கூட்டத்தில் பேச எழுந்தார்? நேராகக் கேட்டால் "எல்லாம் ஜனங்களுக்காகத்தான்" என்பார். அதை எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். "முதல்முதலா யாருக்கு மனு எழுதிக் குடுத்தீங்க?" என்று கேளுங்கள். பெரியப்பா அப்போது தேயிலை ஃபேக்டரி வாட்ச்மேன். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று பச்சை இலை எடையில் கழித்ததை ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வந்திருக்கிறார். பட்டாளத்தில் ஸ்டோர் கணக்கு எழுதிய கை அது. அந்த நோட்டை வைத்துத்தான் முதல் மனு போனது.

அப்புறம் கொழுந்து பறித்த பெண்களைத் தேடிப் போங்கள். காலையில் பெரட்டு நேரத்தில், அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் நேரத்தில், போகாதீர்கள். சாயங்காலம் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுங்கள். தலைவரைப் பற்றிக் கேட்டால் புகழ்ச்சிதான் வரும். எந்தத் தீபாவளிக்குப் போனஸ் சட்டம் சொன்ன குறைந்தபட்ச 8.33 சதவீதத்தைத் தாண்டியது, பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்) எப்போது வந்தது என்று கேளுங்கள். 50 பெண்கள் வேலை செய்தால் மடுவம் வைக்க வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லியும், அதற்காகப் போராட வேண்டியிருந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் பலருக்குச் சங்கம் அங்கேயே பழக்கம். பெரியப்பாவுக்குச் சந்தா வசூலிக்கவும் கூட்டம் கூட்டவும் சொல்லிக்கொடுத்ததே அப்படி வந்த ஒரு பாட்டிதான். அவருக்குத் தனி அத்தியாயம் கொடுத்தேன். கொடுக்கத்தான் வேண்டும்.

வருஷங்களைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். 1947 தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில், சமரசப் பேச்சில் போட்ட ஒப்பந்தம் என்றால் சமரச அதிகாரியின் கையெழுத்தும் தேதியும் இருக்கும். சங்கம் பதிவாளருக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் நிர்வாகிகள் மாறிய விவரம் இருக்கும். சட்டமன்றத்துக்கு நின்றிருந்தால் தேர்தல் ஆணையத்தின் அறிக்கையில் வாங்கிய ஓட்டு வரை கிடைக்கும். 1996 ஊராட்சித் தேர்தலுக்கு, பழைய நோட்டீஸ்களையும் உடன் வேலை செய்தவர்களையும் நம்பினேன்.

தோற்ற வேலைநிறுத்தத்தையும் விடாமல் எழுதுங்கள். அன்று கூலி இழந்த குடும்பங்களுக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வீட்டார் அந்தப் பக்கங்களை எடுக்கச் சொல்வார்கள். எடுக்காதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் லைனில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று பாட்டிமார் திருத்துவார்கள். தோட்டத்தில் இன்னும் வேலை பார்க்கிறவர்கள் பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள்.