கையில் ஒரு டிகிரி இருக்கிறது, இனி நர்சிங்: அமெரிக்காவில் செலவு குறைந்த வழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பி.எஸ்சி. வேதியியல் முடித்து ஒன்பது வருடம் கழித்து நான் நர்சிங்குக்கு வந்தேன். இப்போது நியூ ஜெர்சியில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) வேலை. வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இந்த இடத்துக்கு வருவதற்குள் ஒரு முழு வருடம் வீணாய்ப் போனது. காகித வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததுதான் காரணம். அந்த வரிசையை இங்கே சரியாக எழுதி வைக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, கட்டுரை எழுதுவது எல்லாம் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் விளக்கமாக இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை.

படி 1: உங்கள் விசா நிலை

இதை முதலில் பாருங்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் ஃபெடரல் (மத்திய அரசின்) கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். எச்4 விசாவில் (எச்1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கான விசா) படிக்கலாம், ஆனால் ஃபெடரல் உதவி கிடைக்காது. எச்4-இல் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கினாலும் வேலை பார்க்க இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். சாதாரண ஆர்.என். வேலைக்கு எச்1பி கிடைப்பது கடினம். படிப்பு முடிகிற சமயத்தில் வேலை செய்யும் அனுமதி இருக்குமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டுத் தொடங்குங்கள். மாநிலத்தில் வசிப்பவருக்கான குறைந்த கட்டணத்துக்கு உங்கள் விசா செல்லுமா என்பதையும் கல்லூரியில் கேட்டுவிடுங்கள். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

படி 2: பழைய டிகிரியின் மதிப்பீடு (நான் இடறிய இடம்)

கல்லூரி தேடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நான் கடைசியில் செய்தேன், அதனால்தான் அந்த வருடம் போனது.

இந்திய டிகிரியை அமெரிக்கக் கல்லூரிகள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற ஏஜென்சிகளிடம் மதிப்பீட்டு ரிப்போர்ட் வாங்க வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 'டாக்குமென்ட் பை டாக்குமென்ட்'. உங்களிடம் என்ன டிகிரி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், விலை குறைவு. இன்னொன்று, 'கோர்ஸ் பை கோர்ஸ்'. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட், என்ன கிரேடு என்று பிரித்துக் காட்டும். நர்சிங்குக்கு இரண்டாவதுதான் வேண்டும். நான் விலையைப் பார்த்து முதலாவதை வாங்கி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து "இதை ஏற்க முடியாது" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது.

சரி, மறுபடி வாங்கலாம் என்றால் மார்க்‌ஷீட் பிரச்சினை. நம் ஊரில் பத்திரமாக இருக்கட்டும் என்று மார்க்‌ஷீட்டை லேமினேட் செய்துவிடுவோம். என் அப்பாவும் ஆறு செமஸ்டர் மார்க்‌ஷீட்டையும் கடையில் கொடுத்து, ஓரம்கூடப் பிரியாதபடி லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார். அதன் மேல் பல்கலைக்கழகத்தின் முத்திரையைக் குத்த முடியாது, மை ஒட்டாது. கடைசியில் நகல் எடுத்து, தேர்வுத் துறையில் சான்றொப்பம் வாங்கி, பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் ஏஜென்சிக்கு அனுப்பியது. அப்பா இதற்காக இரண்டு முறை பஸ் ஏறிப் போய் வந்தார். இதற்கே மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம் என்பதால், நீங்கள் படித்த கல்லூரியிலிருந்து அனுப்பினால் செல்லாது.

ரிப்போர்ட் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில், உங்கள் டிகிரி அமெரிக்க பேச்சலர் டிகிரிக்குச் சமம் என்று எழுதியிருக்கிறதா? நான்கு வருட பி.இ., பி.டெக். என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மூன்று வருட பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. என்றால் ஏஜென்சிக்கு ஏஜென்சி, கல்லூரிக்குக் கல்லூரி முடிவு மாறும். நான் ஆசைப்பட்ட கல்லூரி மூன்று வருட டிகிரியை ஏற்கவில்லை.

இரண்டாவது, அறிவியல் பாடங்களின் வயது. அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி போன்றவை ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. என் வேதியியலுக்கு ஒன்பது வயது. கல்லூரி அட்வைசர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, 'காலாவதி' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாவது, இல்லாத பாடங்கள். வழக்கமாகக் கேட்பவை: லேபோடு சேர்த்து அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி இரண்டு பகுதி, லேபோடு மைக்ரோபயாலஜி, புள்ளியியல், மனித வளர்ச்சி உளவியல், சில இடங்களில் ஊட்டச்சத்தும் வேதியியலும். பொறியியல் படித்தவருக்கு இதில் புள்ளியியல், வேதியியல் தவிர பெரும்பாலும் எதுவும் இருக்காது. இவற்றைக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புகள் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) ஒவ்வொன்றாக, மாலை வகுப்பில் படிப்பதுதான் மலிவு. நர்சிங் சீட் கிடைக்கும் முன்பே தொடங்கலாம். ஆனால் நீங்கள் சேர நினைக்கும் கல்லூரி ஆன்லைன் லேபை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

படி 3: வழிகள்

ஆர்.என். லைசென்ஸுக்கு எழுத வேண்டிய தேர்வு ஒன்றுதான்: என்கிளெக்ஸ்-ஆர்.என். எந்த வழியில் போனாலும் முடிவில் அதே தேர்வு, அதே லைசென்ஸ். இது எனக்குப் பல மாதம் தெரியாது.

ஏ.டி.என். என்பது கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி. சேரும் முன் படிக்க வேண்டிய மேற்சொன்ன பாடங்களைச் சேர்த்தால் மூன்று வருடம்கூட ஆகலாம். கட்டணம் மிகக் குறைவு. கலிஃபோர்னியாவில் மாநிலத்தில் வசிப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். குறை என்னவென்றால் காத்திருப்போர் பட்டியல், சில இடங்களில் குலுக்கல்.

ஏ.பி.எஸ்.என். என்பது வேறு டிகிரி உள்ளவர்களுக்கென்றே வந்த வேகமான பி.எஸ்.என்., அதாவது நர்சிங்கில் பேச்சலர் டிகிரி. 12 முதல் 18 மாதம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது கிட்டத்தட்ட முடியாது. தனியார் கல்லூரிகளில் கட்டணம் தலைசுற்ற வைக்கும், அரசுப் பல்கலைக்கழகங்களில் பரவாயில்லை.

நேரடி எம்.எஸ்.என். என்பது நர்சிங் படிக்காதவர்களை நேராக மாஸ்டர்ஸில் சேர்ப்பது. இரண்டு மூன்று வருடம். நர்சாக ஒரு நாள்கூட வேலை பார்க்காத ஒருவர் முதலில் இவ்வளவு பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் எடுத்தது ஏ.டி.என். பிறகு வேலையில் இருந்தபடியே ஆன்லைனில் ஆர்.என்.-டு-பி.எஸ்.என்., அதாவது ஆர்.என். ஆனவர் பி.எஸ்.என். வாங்கும் படிப்பு. கட்டணத்தில் பாதிக்கு மேல் மருத்துவமனையே கட்டியது. இன்னொரு வசதியும் உண்டு: வேறு துறையில் பேச்சலர் டிகிரி இருக்கும் ஏ.டி.என். நர்சுகளை நேராக மாஸ்டர்ஸுக்குக் கொண்டுபோகும் 'பிரிட்ஜ்' படிப்பில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இரண்டாவது பேச்சலர் டிகிரியே தேவைப்படாமல் போகலாம்.

ஏ.டி.என். போதுமா என்று கேட்டால், ஊரைப் பொறுத்தது. 2010-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை 80 சதவீத நர்சுகள் பி.எஸ்.என். வைத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நியூயார்க்கில் 2017-இல் வந்த சட்டப்படி, புதிதாக லைசென்ஸ் வாங்குபவர் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகள் பல, பி.எஸ்.என். இருந்தால்தான் எடுக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள மருத்துவமனைகளின் வேலை விளம்பரங்களில் இருபதைத் திறந்து, எத்தனை பேர் 'பி.எஸ்.என். கட்டாயம்' என்று போட்டிருக்கிறார்கள் என எண்ணுங்கள். உங்கள் ஊர் நிலவரம் அதிலேயே தெரிந்துவிடும்.

படி 4: மொத்தக் கணக்கு

கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். தாமதமாக ஆகும் ஒவ்வொரு மாதமும் நர்ஸ் சம்பளம் வராத மாதம். ஒரு உதாரணம் போடுகிறேன், எண்கள் புரிவதற்காக மட்டும்.

ஏ.பி.எஸ்.என். கட்டணம் 60,000 டாலர், 16 மாதம். ஏ.டி.என். கட்டணம் 12,000 டாலர், காத்திருப்பையும் சேர்த்து 40 மாதம். கட்டணத்தில் 48,000 மிச்சம். ஆனால் 24 மாதம் தாமதம். நர்சானால் மாதம் 2,500 டாலர் கூடுதலாகக் கைக்கு வரும் என்று வைத்தால், அந்தத் தாமதத்தின் விலை 60,000. இங்கே ஏ.பி.எஸ்.என்.தான் லாபம், 12,000 டாலர். காத்திருப்பு இல்லாமல் 28 மாதத்தில் ஏ.டி.என். முடிந்தால் தாமதம் 12 மாதம்தான், விலை 30,000. அப்போது ஏ.டி.என். 18,000 டாலர் லாபம். ஒரே கட்டணம், காத்திருப்பு மட்டும் மாறியதும் பதில் தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

இதோடு கடன் வட்டி, படிக்கும்போது விடும் வேலையின் சம்பளம், குழந்தை பார்த்துக்கொள்ளும் செலவு, யூனிஃபார்ம், கிளினிக்கலுக்கு (மருத்துவமனைப் பயிற்சி) போகும் பெட்ரோல், பின்னால் வரும் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். கட்டணம் எல்லாவற்றையும் சேருங்கள். என்கிளெக்ஸ் தேர்வுக்கு 200 டாலர், மாநில லைசென்ஸ் கட்டணம் தனி. நான் கூகுள் ஷீட்ஸில் ஒரு கல்லூரிக்கு ஒரு வரி போட்டுச் செய்தேன். கல்லூரிகளே தளத்தில் வைத்திருக்கும் செலவுக் கணக்கீட்டுக் கருவிகளை நான் நம்புவதில்லை. காத்திருக்கும் மாதங்களுக்கு அவற்றில் இடமே இல்லை.

படி 5: அங்கீகாரம்

மாநில நர்சிங் போர்டின் ஒப்புதல் இல்லாத கல்லூரியில் படித்தால் என்கிளெக்ஸ் எழுத முடியாது. அதற்கு மேல் நர்சிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்புகளான ஏ.சி.இ.என். அல்லது சி.சி.என்.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் பின்னால் பி.எஸ்.என்., மாஸ்டர்ஸ் சேர்வதில் சிக்கல் வரும். கல்லூரி சொல்வதை நம்பாமல் போர்டின் தளத்திலேயே பெயரைத் தேடுங்கள். முதல் முயற்சியில் என்கிளெக்ஸ் தேறியவர்களின் விகிதத்தையும் பல போர்டுகள் கல்லூரி வாரியாக வெளியிடுகின்றன. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதையும் கல்லூரியிடம் கேளுங்கள். பாதிப் பேரை நடுவில் வெளியேற்றிவிட்டு மீதிப் பேரின் தேர்ச்சியைப் பெருமையாகப் போடும் இடங்கள் உண்டு.

"சீக்கிரம் முடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். 2023 ஜனவரியில் ஆபரேஷன் நைட்டிங்கேல் என்ற நடவடிக்கையில், ஃப்ளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமோக்கள் விற்கப்பட்டதை அரசு வெளிக்கொண்டுவந்தது. நோயாளியின் உயிரைக் கையில் வைத்துக்கொள்ளும் வேலை இது, இதில் குறுக்குவழியே கிடையாது.

படி 6: பணம்

முதலில் ஃபெடரல் கல்வி உதவிக்கான விண்ணப்பமான எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ.வை நிரப்புங்கள். பேச்சலர் டிகிரி உள்ளவருக்கு பெல் கிராண்ட் என்ற ஃபெடரல் உதவித்தொகை கிடையாது, கடன் மட்டும்தான். பெற்றோரைச் சாராத இளநிலை மாணவருக்கு ஃபெடரல் நேரடிக் கடனின் மொத்த உச்சவரம்பு 57,500 டாலர். இரண்டாவது பேச்சலர் படிப்பவருக்கு ஆண்டுக்கு 12,500. முதல் டிகிரியை இங்கேயே கடனில் படித்தவர்களுக்கு அந்தக் கடனும் இதே வரம்புக்குள் வரும். ஏ.பி.எஸ்.என். கட்டணம் இதைத் தாண்டினால் மீதிக்குத் தனியார் கடன்தான். அந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன்.

கடன் இல்லாத வழிகள்: ஃபெடரல் அரசின் நர்ஸ் கோர் ஸ்காலர்ஷிப் கட்டணத்தோடு மாத உதவித்தொகையும் தருகிறது, பதிலுக்குப் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு அவசியம். மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டால், முதலாளி ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் கல்விக்குத் தரலாம். அந்த உதவியாளர் வேலைக்கான சி.என்.ஏ. பயிற்சி ஃபெடரல் விதிப்படி குறைந்தது 75 மணி நேரம். நான் படிக்கும்போதே சி.என்.ஏ. வேலை பார்த்தேன். முதல் வாரம் ஒரு பாட்டிக்குத் தலை சீவிவிட்டபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார். எந்த நிலையிலும் இந்தப் படிப்பை விடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படி 7: நுழைவுத் தேர்வு

சில இடங்களில் டீஸ், சில இடங்களில் ஹெசி ஏ2. டீஸில் 170 கேள்வி, 209 நிமிடம். பெரிய புத்தகங்கள் வாங்க வேண்டாம். தேர்வை நடத்தும் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் மாதிரித் தேர்வுகளே போதும். கணக்கு நமக்குச் சுலபம், ஆங்கில இலக்கணப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

பின்சேர்க்கை 1: நேரடி எம்.எஸ்.என். பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2025-இல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மேல்நிலைப் பட்டப்படிப்புக்கான கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடன் கிடையாது. மாஸ்டர்ஸ் படிப்புக்கு ஃபெடரல் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 என்று வரம்பு வந்திருக்கிறது. கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

பின்சேர்க்கை 2: மூன்று வருட பி.காம். படித்த ஒரு வாசகி எழுதியிருந்தார். "ரிப்போர்ட்டில் பேச்சலர் டிகிரிக்குச் சமமில்லை என்று வந்துவிட்டது அக்கா, ஏ.பி.எஸ்.என். போச்சு" என்று. ஏ.பி.எஸ்.என். போனது உண்மைதான். ஆனால் வெளிநாட்டு டிகிரி அமெரிக்க பேச்சலர் டிகிரிக்குச் சமமில்லை என்பதற்கு ஆவணம் காட்டினால், உங்களிடம் பேச்சலர் டிகிரி இல்லை என்று கல்லூரி முடிவு செய்ய ஃபெடரல் விதியில் இடம் இருக்கிறது. அப்படி முடிவானால், வருமானத் தகுதியும் இருக்கும்பட்சத்தில், ஏ.டி.என். படிப்புக்கு பெல் கிராண்ட் கிடைக்கலாம். அது திருப்பிக் கட்ட வேண்டாத பணம். முடிவு கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தின் கையில். உங்கள் ரிப்போர்ட்டிலும் அந்த வரி இருந்தால், அச்செடுத்துக்கொண்டு நேரிலேயே போய்க் கேளுங்கள்.