பெயர் ஒன்று, தொழில் இரண்டு: டிரேட்மார்க் தகராறைக் கையாள்வது எப்படி?

உங்கள் தொழிலின் பெயரைப் போலவே ஒரு பெயரில் இன்னொருவர் விற்கத் தொடங்குகிறார். அல்லது "பெயரை மாற்று" என்று உங்களுக்கே வக்கீல் நோட்டீஸ் வருகிறது. எதுவானாலும் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தேதிகளைத் திரட்டுங்கள்.

படி 1: யார் முந்தியவர்?

அந்தப் பெயரில் போட்ட முதல் பில், விளம்பரம், பெயர்ப்பலகை தெரியும் பழைய போட்டோ எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் சேருங்கள். கம்பெனிப் பதிவோ டொமைன் (இணையதளப் பெயர்) ரசீதோ மட்டும் டிரேட்மார்க் உரிமை, அதாவது வணிகப் பெயர் மீதான உரிமை, தராது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் முதலில் பயன்படுத்தியவருக்குப் பதிவு இல்லாவிட்டாலும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. சீனாவில் பெரும்பாலும் முதலில் விண்ணப்பித்தவர் கைதான் ஓங்கும். அந்த 'ஓரளவு' எவ்வளவு? அமெரிக்காவின் மட்டூன் நகரில் ஒரு குடும்பம் 1957 முதல் 'பர்கர் கிங்' என்ற பெயரில் கடை நடத்தியது. அதே பெயருள்ள பெரிய நிறுவனம் 1961-இல்தான் நாடு தழுவிய பதிவைப் பெற்றது. 1968-இல் நீதிமன்றம் எல்லை பிரித்தது: ஊரைச் சுற்றி 20 மைல் அந்தக் குடும்பத்துக்கு, மாநிலத்தின் மற்ற பகுதி நிறுவனத்துக்கு.

படி 2: வாடிக்கையாளர் குழம்புவாரா?

வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. இரண்டு பெயரையும் அருகருகே வைத்து எழுத்துக்கூட்டிப் பார்க்காதீர்கள். அரைகுறை ஞாபகத்தோடு வாங்க வருபவருக்கு அவை எப்படித் தெரியும், காதில் எப்படி விழும், என்ன பொருள் தரும் என்று யோசியுங்கள். பிறகு, விற்பது ஒரே வகைச் சரக்கா என்று பாருங்கள். பதிவேடுகள் சரக்கையும் சேவையையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கின்றன. ஆனால் வகுப்பு எண் வேறு என்பதாலேயே தப்பித்துவிட முடியாது. தவறி வந்த ஆர்டர், இடம் மாறிய புகார் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'தரமான', 'புதிய' போன்ற பொதுச்சொல் மட்டும்தான் ஒற்றுமை என்றால், என்னைக் கேட்டால், சண்டையே வேண்டாம்.

படி 3: பதிவேட்டைத் தேடுங்கள்

உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் இலவசமாகத் தேடலாம். எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள். எதிராளியின் விண்ணப்பம் இப்போதுதான் வெளியாகியிருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம், வழக்கைவிட மலிவு. கெடு இந்தியாவில் 4 மாதம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 மாதம், அமெரிக்காவில் 30 நாள்.

படி 4: கடிதம்

எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள், ஆதாரம் என்ன, என்ன வேண்டும் என்று நிதானமாக எழுதுங்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால் பிரிட்டனிலும் இந்தியாவிலும் உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். நோட்டீஸ் உங்களுக்கு வந்திருந்தால், வக்கீலிடம் காட்டாமல் பதில் அனுப்பாதீர்கள்.

படி 5: சேர்ந்து வாழ ஒப்பந்தம்

சிறு தொழில்களுக்குப் பெரும்பாலும் இதுவே லாபம். யார் எந்த ஊரில், எந்தச் சரக்கில், எந்த லோகோவோடு என்று எழுதிக்கொள்ளலாம். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கோர் நிறுவனமும் ஆப்பிள் கம்ப்யூட்டரும் 1981-இல் இப்படித்தான் சமாதானமாயின: கம்ப்யூட்டர்காரர் இசைப் பக்கம் போகக் கூடாது. அப்புறம் கம்ப்யூட்டரே பாடத் தொடங்கியதும் மறுபடி நீதிமன்றம், 2007-இல்தான் முடிந்தது. அதனால் இன்று விற்பதோடு நிறுத்தாமல், இனி விற்கக்கூடியதையும் இணைய விற்பனையையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.