பைன் கன்றையும் பெரணியையும் குறிக்கும்போது செய்யக் கூடாதவை

பழனி மலைத்தொடரில் தானாகப் பரவும் அயல் மரங்களை வரைபடத்தில் ஏற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் கொடைக்கானல் பைன் காட்டைக் குறித்துவிடுகிறார்கள். அங்கே நிற்பவை ஆள் வைத்து நட்டவை. வரிசையும் ஒரே உயரமும் பார்த்தாலே தெரியும். நமக்கு வேண்டியது தோப்பை விட்டு வெளியேறிப் புல்வெளியில் தானே முளைத்த கன்று. மன்னவனூர், பேரிஜம் பக்கம் தோப்பின் ஓரத்திலிருந்து புல்லுக்குள் நடந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒன்று, ஆள் உயரத்தில் ஒன்று என்று ஒழுங்கில்லாமல் நின்றால் அவை காற்றில் வந்த விதைகள். நட்டதையும் முளைத்ததையும் ஒரே நிறப் புள்ளியாக வைத்தால், எந்தப் பக்கம் பரவுகிறது என்பதே தெரியாமல் போகும்.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். புல்லோடு புல்லாக நிற்கும் சிறு கன்று அதில் தெரியாது. தெரிகிற அளவுக்கு வளர்ந்தபின் பிடுங்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். 1970களிலிருந்து நாற்பது ஆண்டுகளில் இந்த மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தோப்பாகவும் விளைநிலமாகவும் போய்விட்டது. மிச்சமிருப்பதிலாவது கன்றாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

தீப்பிடித்த இடத்தை விட்டுவிடுவது இன்னொரு தவறு. மெக்சிகோவிலிருந்து வந்த பாட்டுலா பைனின் காய்கள் ஆண்டுக்கணக்கில் மூடியபடி கிளையிலேயே இருக்கும். சூடு பட்டால் திறந்து விதையைக் கொட்டும். எரிந்த சரிவுக்கு மழை முடிந்ததும் மறுபடி போய்ப் பாருங்கள்.

பைனும் சைப்ரஸும் சேர்ந்த கூம்புக்காய் மரங்களில் தென்னிந்திய மலைகளில் இயல்பாக வளர்வது ஒன்றுதான், அதற்கும் இலை அகலம். அதனால் பைன், சைப்ரஸ் எதைக் கண்டாலும் அயலா என்ற சந்தேகமே வேண்டாம். பெரணியில்தான் தடுமாறுகிறோம். புல்வெளியை அடைத்துக்கொண்டு வளரும் பிராக்கன் பெரணியைப் பலர் அயல் என்று குறிக்கிறார்கள். அது இந்த மலையில் இயல்பாகவே வளர்வது. மலைச்சாலை வெட்டுகளில் வளரும் வெள்ளிப் பெரணியோ அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. இலையைக் கையில் அழுத்தினால் வெள்ளை அச்சு விழும். இலையின் மேல்பக்கத்தை மட்டும் படமெடுத்துப் பெயர் வைக்காதீர்கள். அடிப்பக்கத்து வித்துத் திட்டுகளும் படத்தில் வேண்டும்.

அப்புறம், தேடியும் எதுவும் கிடைக்காத இடத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அங்கே ஒரு கன்று நின்றால், அது புதிதாக வந்தது என்று அந்தக் குறிப்பு இருந்தால்தான் சொல்ல முடியும்.