அடிபட்ட பவளத்தைத் தேற்றுவது எப்படி: ஒரு ஹேமர் பவளத்தின் கதையோடு

காலையில் உப்புநீர்த் தொட்டியின் விளக்கைப் போட்டால், நேற்று வரை பாறை உச்சியில் இருந்த ஹேமர் பவளம் (உணர்கொம்புகளின் நுனி சுத்தியல் போல இருக்கும் வகை) மணலில் தலைகுப்புறக் கிடக்கிறது. தள்ளிவிட்டது யார் என்று தேட வேண்டிய வேலையே இல்லை. எலுமிச்சம்பழ அளவு டர்போ நத்தை ஒன்று, பவளம் இருந்த இடத்திலேயே நின்று சாவகாசமாகப் பாசி மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு தலை, அதாவது வாயும் உணர்கொம்புகளும் உள்ள இரண்டு சதைப் பகுதிகள், கொண்ட பவளம் அது. ஒரு தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றில் ஒரு பக்கச் சதை கிழிந்து தொங்க, சுண்ணாம்புக் கூட்டின் வெள்ளை விளிம்பு பளிச்சென்று தெரிந்தது.

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காலை ஒருநாள் வந்தே தீரும். அன்றைக்கு என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. நான் இருப்பது சிங்கப்பூரில். இங்கே கடையில் பவளம் வாங்கி வளர்க்கலாம். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே கல் பவளங்கள் எல்லாமே 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்ந்து இருக்கின்றன. ராமேசுவரம் கரையில் ஒதுங்கிய செத்த துண்டை வீட்டுக்கு எடுத்து வந்தாலும் வம்புதான்.

படி 1: கையை விடும் முன் கண்ணால் பாருங்கள்

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் குழம்புவது வெள்ளை நிறத்தில்தான். வெள்ளையில் இரண்டு வகை உண்டு. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை உணவாக்கிப் பவளத்துக்குக் கொடுப்பவை அவைதான். சூடு ஏறினாலோ விளக்கு திடீரென்று கடுமையானாலோ பவளம் அவற்றை இழந்துவிடும். அப்போது சதை கண்ணாடி போல ஆகி, உள்ளே இருக்கும் வெள்ளைக் கூடு தெரியும். இதுதான் வெளிறுதல். சதை இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது வகையில் சதையே போய்விட்டது, மிஞ்சியது வெறும் கூடு.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மெல்லிய தோல் பளபளத்தால், குட்டிக் குட்டி உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தால், அது வெளிறல். கூட்டின் மெல்லிய தகடுகள் சுரண்டிய தேங்காய்த் தொட்டி போல வறட்டுத்தனமாகத் தெரிந்தால் அங்கே சதை இல்லை. நாலைந்து நாளில் அந்த இடத்தில் பச்சைப் பாசி படர ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம்.

படி 2: இடம் மாற்றுங்கள், ஒரே ஒரு முறை

கையுறை போட்டுக்கொண்டு, சதையைத் தொடாமல் அடிக்காம்பைப் பிடித்துத் தூக்குங்கள். தொட்டியில் பட்டன் பவளம் என்கிற சோவாந்திட் வகை இருந்தால் கையுறையோடு கண்ணாடியும் அவசியம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. நறுக்கும்போது கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிதான்.

அடிபட்டதை வைக்க வேண்டிய இடம் தொட்டியின் கீழ்ப் பாதி. வெளிச்சம் மிதமாகவும் நீரோட்டம் மெதுவாகவும் இருக்க வேண்டும். உணர்கொம்புகள் முன்னும் பின்னும் மெல்ல ஆடினால் ஓட்டம் சரி. ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் அதிகம். கிழிந்த சதை கூட்டின் கூர்மையான விளிம்பில் உரசிக்கொண்டே இருந்தால் காயம் ஆறவே ஆறாது. ஹேமர் பவளம் இரவில் நீளமான கொட்டும் கொம்புகளை விடும், அதனால் பக்கத்துப் பவளத்துக்கும் அதற்கும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள்.

வைத்தாயிற்றா? இனி அதை நகர்த்தாதீர்கள். என் முதல் பவளத்தைக் கொன்றது நத்தையோ நோயோ இல்லை, நான்தான். ஒரே வாரத்தில் மூன்று இடம் மாற்றி, இரண்டு முறை மருந்தில் முக்கி, கால்சியம் மருந்தை இரட்டிப்பாக்கி, பாவம், அதற்கு மூச்சு விடவே நேரம் கொடுக்கவில்லை.

படி 3: பழுப்புக் கூழ் இருக்கிறதா?

அவசரப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான். கிழிந்த சதையின் மேல் பழுப்பு நிறத்தில், சளி போல ஒரு கூழ் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தால் அது தொற்று. வெளியே எடுத்தால் அழுகிய நாற்றம் அடிக்கும். ஹேமரிலும், அதன் உறவான ‘டார்ச்’ என்ற பவளத்திலும் இது ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு ஓரிரு நாளில் தாவிவிடும்.

முதலில் பம்புகளை எல்லாம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கூழ் தொட்டி முழுக்கப் பரவும். சிறு குழாயால் கூழை உறிஞ்சி வெளியே கொட்டுங்கள். பிறகு பவளத்தைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய பேசினுக்கு மாற்றி, அயோடின் கலந்த பவள மருந்தில், புட்டியில் எழுதியிருக்கும் அளவிலும் நேரத்திலும் முக்கி எடுங்கள். ‘கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் ஆறும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. அந்தத் தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. கூழ் மறுபடி வந்தால் அந்தத் தலையை வெட்டி எடுப்பதே மற்ற தலைகளுக்கு நல்லது.

கூழ் இல்லையென்றால் மருந்தும் வேண்டாம்.

படி 4: தண்ணீரைச் சோதியுங்கள்

பவளத்துக்கு உண்மையான வைத்தியம் இதுதான். நான் பார்ப்பவை: வெப்பம் 25 முதல் 26 டிகிரி, உப்படர்த்தி 1.025, அம்மோனியா பூஜ்யம், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1300-ஐ ஒட்டி. நைட்ரேட் 5 முதல் 10 வரை இருக்கலாம். தண்ணீர் ‘சுத்தமாக’ இருக்க வேண்டும் என்று அதைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால் பவளம் பட்டினி கிடக்கும்.

இந்த எண்களைத் துல்லியமாகப் பிடிப்பதை விட, நேற்று இருந்ததே இன்றும் இருப்பது முக்கியம். காரத்தன்மையை எடுத்துக்கொள்வோம். 6.5-க்கு இறங்கியிருந்தால் பதறி ஒரே நாளில் 9-க்கு ஏற்றாதீர்கள். ஒரு நாளைக்கு 1 டிகேஎச் என்பது உச்சவரம்பு, அடிபட்ட பவளம் இருக்கும்போது நான் அரை டிகேஎச்தான் ஏற்றுவேன். கடையில் விற்கும் ஆப்பசோடாவே போதும், பேக்கிங் பவுடர் அல்ல. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகேஎச் ஏறும். அரைக்கு ஒன்றரை கிராம். ஆர்ஓ தண்ணீரில் (உப்பு நீக்கி வடிகட்டியது) முழுதாகக் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

எங்கள் ஊர் போன்ற வெப்ப நாடுகளில் இன்னொரு தொல்லை. ஏசி ஓடாத மதிய நேரத்தில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி தாண்டும், தொட்டியும் கூடவே ஏறும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறி ஒன்றை ஓடவிடலாம். ஆனால் நீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும். மறந்தால் உப்படர்த்தி ஏறி, இருந்த காயத்தோடு புதுச் சிக்கலும் சேரும்.

படி 5: ஊட்டுவது

முதல் வாரம் ஒன்றும் கொடுக்க வேண்டாம். சுருங்கிக் கிடக்கும் வாயில் திணித்தால் உணவு உள்ளே போகாமல் காயத்தின் மேல் அழுகும். உணர்கொம்புகள் ஓரளவு விரிய ஆரம்பித்த பிறகு, வாரம் இரண்டு முறை, தலைக்கு ஒரு மைசிஸ் என்ற குட்டி இறால், அதுவும் நறுக்கியது.

உறைந்த இறால் கட்டியைத் தொட்டித் தண்ணீரில் கரையவிட்டு, அந்தச் சாற்றைக் கொட்டிவிடுங்கள், அதில் பாஸ்பேட் அதிகம். பம்பை நிறுத்தி, சின்னக் குழாயால் கொம்புகளின் மேல் மெல்ல விடுங்கள். இங்கேதான் திருட்டு நடக்கும். சுத்தம் செய்யும் இறாலும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டும் வாசனை பிடித்து வந்து, பவளத்தின் வாயிலிருந்தே பிடுங்கித் தின்னும். அந்தப் பிடுங்கலில் கிழிந்த சதை இன்னும் கிழியும். அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் பாதியை வெட்டி, மூடியைக் கழற்றி, பவளத்தின் மேல் கூடை போலக் கவிழ்த்து, கழுத்து வழியாக ஊட்டுகிறேன். வெட்டிய விளிம்பைத் தீயில் காட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் கழித்து எடுத்துவிடலாம். வெளியே இறால் கண்ணாடிக் கதவைத் தட்டும் விருந்தாளி மாதிரி சுற்றிச் சுற்றி வரும்.

படி 6: வெட்டலாமா?

சதை கூட்டிலிருந்து நாளுக்கு நாள் பின்வாங்கிக்கொண்டே போனால் மட்டும். கிளைக் காம்புள்ள ஹேமராக இருந்தால், நல்ல தலையின் சதை முடியும் இடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, வெறும் காம்பில் வெட்ட வேண்டும். சதையில் கத்தி படக் கூடாது. வெட்டிய துண்டைப் பவளத்துக்குரிய சூப்பர் க்ளூ ஜெல்லால் வட்டத் தட்டில் ஒட்டலாம்.

வெட்டுவது கொடுமை என்று தோன்றலாம். கடலில் அலை உடைத்துப் போட்ட கிளைகள் விழுந்த இடத்தில் ஒட்டி வளர்வது சகஜம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளை நட்டுத் திட்டுகளை மீட்பதும் இந்த இயல்பை நம்பித்தான்.

படி 7: காத்திருப்பது

ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. என் ஹேமரின் கிழிந்த தலையில் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது படத்தில் தொங்கிய சதை உருண்டு விளிம்போடு ஒட்டியிருந்தது. போன சதை முழுதாகத் திரும்பவில்லை. வெறுமையான பக்கத்தில் இப்போது ஊதாநிறக் கல்பாசி படிந்திருக்கிறது, பச்சை நூல்பாசியை விட அது எவ்வளவோ மேல். நூல்பாசி வந்தால் மென்மையான பல் துலக்கும் பிரஷால், சதை பக்கம் போகாமல் தேய்த்து எடுங்கள்.

ஒரு தலை முழுதாகச் செத்தது போலத் தெரிந்தாலும் கூட்டை உடனே தூக்கிப் போடாதீர்கள். மடிப்பின் ஆழத்தில் துளி சதை தப்பியிருந்தால், மாதங்கள் கழித்து மிளகு அளவுக் குட்டித் தலைகள் அங்கே முளைப்பதுண்டு.

இரண்டு தலையும் முழுதாக விரிந்து ஒரு மாதம் ஆன பிறகு, பவளத்தை வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றிப் பழைய உச்சிக்கே கொண்டுபோனேன். இம்முறை அடியில் எபாக்சி மாவும் (பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் பசை) க்ளூவும் வைத்து அழுத்தினேன். அன்று இரவே நத்தை வந்தது. ஒரு முறை முட்டிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனது.